இரண்டாம் பாகம் ஏன் சறுக்குகிறது? ஃபேண்டசி காதல் தொடர் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபேண்டசி காதல் தொடரின் முதல் பாகம் இரண்டு கேள்விகளை வைத்து ஓடுகிறது. இவர்கள் சேர்வார்களா? இந்த நாடு தப்பிக்குமா? கடைசி அத்தியாயத்தில் முதல் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். அதனால் இரண்டாம் பாகம் தொடங்கும்போது போர் மிச்சமிருக்கும், காதலில் கேட்க ஒன்றும் மிச்சமிருக்காது. பலர் இதைக் கவனிக்காமலே முதல் அத்தியாயத்தை எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். பத்தாவது அத்தியாயத்தில் கதை தள்ளாடத் தொடங்கியதும் கைக்கு எட்டிய வழியைப் பிடிக்கிறார்கள்: சேர்ந்தவர்களைப் பிரித்து, மறுபடி சேர்ப்பது. காசு கொடுத்து வாங்கிய வாசகருக்குப் போன புத்தகத்தையே அட்டை மாற்றித் தந்த மாதிரி இருக்கும்.

கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஓட்டையிலிருந்து வருகிறவைதான்.

முதல் பாகம் எப்படி முடிந்தது என்று பார்க்காமல் தொடங்குவது

காதல் தொடர்களில் இரண்டு வகை உண்டு. பாகத்துக்கு ஒரு ஜோடி என்பது ஒன்று. அண்ணன் கதை முதலில், தம்பி கதை அடுத்து, தோழி கதை அதற்கடுத்து. ஒரே ஜோடி எல்லாப் பாகங்களிலும் வருவது மற்றொன்று. முதல் வகையில் மேலே சொன்ன சிக்கல் கிடையாது. அங்கே நடக்கிற தவறு, பழைய ஜோடி அடிக்கடி தலைகாட்டி புது ஜோடியின் இடத்தைப் பிடித்துக்கொள்வது. ஐந்து அத்தியாயத்துக்கு ஒரு தடவை, ஒரு பக்கத்துக்குள் அவர்களை நிறுத்திக்கொண்டால் போதும். எந்த வகைத் தொடர் என்பதை அட்டையிலோ அறிமுகக் குறிப்பிலோ ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. நாயகனுக்காகக் காத்திருந்து வாங்கியவர், முதல் பக்கத்தில் அவன் தம்பியைப் பார்த்தால் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஒரே ஜோடிதான் என்றால், எழுதத் தொடங்கும் முன் முதல் பாகத்தின் கடைசி மூன்று அத்தியாயங்களை மறுபடி படித்துவிட்டு மூன்று வரி எழுதுங்கள். யார் எதை வென்றார்கள்? அதற்கு என்ன விலை கொடுத்தார்கள்? அந்த வெற்றியால் யாருக்கு நஷ்டம்? இரண்டாம் பாகத்தின் கதை மூன்றாவது வரியில் இருக்கிறது.

ஒரு கற்பனைக் கதையை எடுத்துப் பார்ப்போம். மலைநாட்டு இளவரசன் ஆதிரனுக்கு இரவானால் சிறுத்தையாக மாறும் சாபம். யாழினி தன் நிழலைக் காணிக்கையாகக் கொடுத்து அந்தச் சாபத்தை நீக்குகிறாள். முதல் பாகம் முடிகிறது, இருவரும் சேர்கிறார்கள். இதற்கு வழக்கமாக எழுதப்படும் இரண்டாம் பாகம் என்ன? பக்கத்து நாட்டு இளவரசி வருகிறாள். அரசியல் காரணத்துக்காக ஆதிரன் அவளிடம் சிரித்துப் பேச வேண்டியிருக்கிறது. யாழினியிடம் காரணத்தைச் சொல்ல மாட்டேன் என்கிறான். அவள் தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிடுகிறாள். முந்நூறு பக்கம் கண்ணீர்.

அதே கதைக்கு மூன்றாவது வரியைக் கேளுங்கள். சாபம் நீங்கியதால் யாருக்கு நஷ்டம்? இரவெல்லாம் வடக்குக் கணவாயில் திரிந்த அந்தச் சிறுத்தைக்குப் பயந்துதான் கொள்ளைக்கூட்டம் இத்தனை வருடம் இந்தப் பக்கம் வராமல் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது கணவாய் திறந்து கிடக்கிறது, ஊர்கள் எரிகின்றன. ஆதிரன் சாபத்தைத் திரும்ப ஏற்கத் தயார். யாழினி கொடுத்த நிழல் திரும்பி வராது. இரண்டாம் தடவை சாபம் ஏறினால் இறங்கவும் இறங்காது. அவன் சொல்வதும் சரி, அவள் தடுப்பதும் சரி. போரும் காதலும் இங்கே ஒரே முடிச்சு. போரில் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அவர்களுக்கிடையே ஏதாவது ஒன்றை மாற்றும். புது வில்லன்கூடத் தேவைப்படவில்லை.

பத்து நிமிடம் பேசினால் தீர்ந்துவிடும் பிரிவு

இரண்டாம் பாகங்களை அதிகம் கெடுப்பது இதுதான். கதையில் வரும் பெரிய சண்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை வையுங்கள். இருவரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொள்ள பத்து நிமிடம் கொடுத்தால் சண்டை தீர்ந்துவிடுமா? தீரும் என்றால் அதை நம்பி ஒரு பாகம் எழுத முடியாது. அதிகம் போனால் இரண்டு அத்தியாயம் தாங்கும். எல்லாவற்றையும் சொன்ன பிறகும் இருவரும் அவரவர் இடத்திலேயே நிற்பார்கள் என்றால் எழுதலாம்.

ரகசியமே கூடாது என்றில்லை. முதல் பாகத்தில் நாயகன் மறைத்ததை வாசகர் ஏற்றுக்கொள்வார், அப்போது அவர்கள் அந்நியர்கள். சேர்ந்து, சத்தியம் செய்து, ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுக்கத் துணிந்த பிறகும் அதே மாதிரி மறைத்தால் முதல் பாகத்தில் வளர்ந்த நம்பிக்கைக்கு அர்த்தமில்லாமல் போகிறது. ரகசியம் வேண்டியே தீரும் என்றால், மறைப்பவருக்கு மறைக்காமல் இருக்க வழி இருக்கக் கூடாது: சொன்னால் மூன்றாவது ஒருவரின் உயிர் போகும், அல்லது சொல்லவே முடியாதபடி ஒரு மந்திரக்கட்டு. அந்தக் கட்டும் முதல் பாகத்திலேயே எங்காவது காட்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டாம் பாகத்தில் திடீரென்று முளைக்கும் மந்திரக்கட்டை யாரும் நம்புவதில்லை. ரகசியம் புத்தகத்தின் பாதிக்குள் உடையவும் வேண்டும். உடைந்த பிறகு வரும் பாதிதான் படிக்கச் சுவையானது. அதை விட்டுவிட்டுக் கடைசி அத்தியாயம் வரை இழுப்பது நல்ல காட்சிகளை எழுதாமலே விடுவதற்குச் சமம்.

ஜோடியைப் பிரித்தே ஆக வேண்டிய கதைகளும் உண்டு. ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ தொடரில் இரண்டாம் நூலான ‘நியூ மூன்’ (2006) இதற்கு எப்போதும் எடுத்துக்காட்டப்படும் புத்தகம். நாயகன் எட்வர்ட் தொடக்கத்திலேயே விலகிப்போகிறான், வெகுநேரம் திரும்பி வருவதில்லை. அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதப் பெயர்கள் மட்டும் அச்சிட்ட வெற்றுப் பக்கங்கள் அவன் போன பிறகு வருகின்றன. நாயகன் இல்லாத புத்தகம் என்று அலுத்துக்கொண்ட வாசகர்களும் அப்போதே இருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தப் பிரிவை மட்டும் நகலெடுத்தார்கள். அதில் செய்யப்பட்ட வேலையை விட்டுவிட்டார்கள். நாயகி ஆபத்தில் இறங்கும்போதெல்லாம் எட்வர்டின் குரல் அவளுக்குக் கேட்கிறது. அந்தக் குரலுக்காகவே அவள் ஆபத்தைத் தேடிப் போகிறாள். ஆள் ஊரில் இல்லை, ஆனால் கதையை நகர்த்துவது அவன்தான். பிரிவை எழுதுகிறவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது இதை: இல்லாதவர், இருப்பவர் எடுக்கும் முடிவுகளை எந்த வழியில் மாற்றிக்கொண்டிருக்கிறார்? ஒரு கடிதம், ஒரு கனவு, விட்டுப்போன ஒரு பொருள், அவர் செய்து வைத்த ஏதோ ஓர் ஏற்பாடு என்று எதுவாகவும் இருக்கலாம். ஐந்து அத்தியாயம் தொடர்ந்து அப்படி எதுவும் இல்லையென்றால் காதல் கதை நின்றுவிட்டது என்று பொருள். நூலின் நாலில் ஒரு பங்குக்கு மேல் இருவரையும் பிரித்து வைப்பது பொதுவாக ஆபத்து.

ஜோடியையே மாற்றுவது

இதைத் தவறு என்று ஒரே அடியாகச் சொல்லிவிட முடியாது. சாரா ஜே. மாஸின் ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ தொடரில் 2015-இல் வந்த முதல் நூலின் நாயகன் டாம்லின். 2016-இல் வந்த இரண்டாம் நூலில் நாயகியின் மனம் ரைஸாண்டிடம் போகிறது. முதல் நூலைவிட இரண்டாவதைத்தான் பிடிக்கும் என்கிற வாசகர்கள் இன்றைக்கும் ஏராளம். அது எடுபட்டதற்கான காரணங்கள் முதல் நூலிலேயே இருக்கின்றன. மாதம் ஒரு வாரம் தன்னிடம் வந்து தங்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தை ரைஸாண்ட் அங்கேயே போட்டுவிடுகிறான். முதல் நூலின் முடிவில் பட்ட கொடுமை நாயகிக்குள் காயமாகவே தங்குகிறது. காப்பாற்றுகிறேன் என்று டாம்லின் அவளை மாளிகைக்குள் பூட்டிவைக்கும் இடத்தில், முதல் நூலில் அன்பாகத் தெரிந்த அதே குணம் வேறு முகம் காட்டுகிறது. பழைய நாயகன் ஒரே இரவில் கெட்டவனாகிவிடவில்லை.

முதல் பாகத்தில் விதை இல்லாமல் இரண்டாம் பாகத்தில் ஆளை மாற்றினால், பழைய நாயகனைக் குடிகாரனாகவோ துரோகியாகவோ ஆக்கித்தான் வாசகரைச் சம்மதிக்க வைக்க வேண்டிவரும். அவர்கள் சம்மதிப்பதில்லை. முதல் பாகம் ஏற்கெனவே அச்சாகிவிட்டது, விதையும் இல்லை என்றால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள். சும்மா ஒரு முக்கோணம் போட்டுப் பார்ப்போம் என்பதும் வேண்டாம். வாசகர் முடிவு செய்துவிட்ட விஷயத்தில் நாயகி மட்டும் தடுமாறினால், கோபம் நாயகி மேல்தான் திரும்பும்.

நாயகன் பழையபடி முறைக்க ஆரம்பிப்பது

முதல் பாகம் முழுக்கக் கரைந்து உருகியவன், இரண்டாம் பாகத்தின் முதல் காட்சியில் மறுபடி உர்ரென்று நிற்கிறான். வாசகருக்கு அந்த முறைப்பு பிடித்திருந்தது என்று எழுத்தாளர் நினைப்பதால் வருவது இது. தமிழ் இணைய நாவல்களில் ‘ஆன்ட்டி ஹீரோ’ மோகம் இதற்கு நன்றாகவே எண்ணெய் ஊற்றுகிறது. வாசகருக்குப் பிடித்தது முறைப்பு உடைந்த கணம். உடைந்ததை ஒட்டவைத்து மறுபடி உடைத்தால் அந்தக் கணம் திரும்பக் கிடைக்காது. புதுக் குறை வேண்டுமென்றால் அவன் பெற்ற புதுக் குணத்திலிருந்து எடுங்கள். யாரையும் நம்பாதவன் நம்பக் கற்றுக்கொண்டான் என்றால், இப்போது நம்பக் கூடாத ஒருவரை நம்பிவிடலாம்.

இதையொட்டி வரும் இன்னொரு கோளாறு, யார் பார்வையில் கதை சொல்கிறோம் என்பது. முதல் பாகம் முழுக்க நாயகியின் பார்வை, இரண்டாம் பாகத்தில் நாயகனுக்கும் அத்தியாயங்கள் என்பது பரவலான வழக்கம். அவன் மனசுக்குள் நுழைந்த பிறகு, அவனுக்குத் தெரிந்ததை வாசகரிடம் மட்டும் மறைக்க முடியாது. ‘அந்த விஷயத்தை நினைத்ததும் அவன் முகம் இறுகியது’ என்று எழுதிவிட்டு எந்த விஷயம் என்று சொல்லாமல் நகர்ந்தால் அது அழுகுணி ஆட்டம். ரகசியம் முக்கியமா, அவன் பார்வை முக்கியமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் வேண்டுமென்றால், ரகசியம் உடைந்த அத்தியாயத்துக்குப் பிறகு அவன் பார்வையைத் திறக்கலாம்.

சக்தி ஏறிக்கொண்டே போவது

முதல் பாகக் கடைசியில் நாயகி ஒரு படையையே எரித்துவிடுகிறாள். அடுத்த பாகத்தில் நான்கு வழிப்பறிக்காரர்களிடம் மாட்டிக்கொண்டு நாயகனுக்காகக் காத்திருக்கிறாள். சக்தி எங்கே போனது? இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க மூன்று குறுக்குவழிகள் புழக்கத்தில் உள்ளன: சக்தியைப் பறிப்பது, மறதியைக் கொடுப்பது, நூறு மடங்கு பெரிய வில்லனைக் கொண்டுவருவது. மூன்றுமே அலுத்துப்போனவை.

மந்திரத்துக்கு ஓர் அட்டவணை போட்டுக்கொள்வது உதவும். என்ன செய்யும், எவ்வளவு தூரம் எவ்வளவு நேரம் எட்டும், செய்பவருக்கு என்ன செலவு என்று மூன்று பத்தி. அதன் கீழே, நூலில் அந்தச் சக்தி பயன்படும் ஒவ்வோர் இடத்தையும் அத்தியாய எண்ணோடு குறியுங்கள். செலவு காட்டப்பட்டதா என்று பக்கத்தில் ஒரு டிக். இரண்டு இடத்தில் டிக் இல்லாமல் போனால் மூன்றாவது இடத்தில் வாசகருக்குப் பயம் வராது. எப்படியும் தப்பித்துவிடுவாள் என்று தெரிந்துவிடும்.

இரண்டாம் பாகத்தில் சக்தியின் அளவை ஏற்ற வேண்டியதில்லை. செலவு யார் தலையில் விழுகிறது என்பதை மாற்றினால் போதும். முதல் பாகத்தில் மந்திரம் செய்தால் அவளுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. இப்போது ஒவ்வொரு தடவையும் அவன் கையிலிருந்து கொஞ்சம் உணர்ச்சி போகிறது என்று வைத்துப் பாருங்கள். அவள் யோசிப்பாள். அந்த யோசனையில் காதலும் இருக்கும், மந்திரமும் இருக்கும்.

முன்கதையை அள்ளிக் கொட்டுவது, பெயர்களை அள்ளிக் கொட்டுவது

தமிழ் வார இதழ்த் தொடர்கதை மரபு இதற்கு நல்ல தீர்வு வைத்திருந்தது: தலைப்புக்குக் கீழே நாலு வரி முன்கதைச் சுருக்கம். நாவலிலும் அதையே செய்யலாம். முதல் அத்தியாயத்துக்கு முன் தனிப்பக்கத்தில் 250 முதல் 400 சொல். வேண்டாதவர் புரட்டிவிட்டுப் போவார். அத்தியாயத்துக்குள் வரும் நினைவூட்டல் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு வாக்கியத்துக்கு மேல் போகாமல், அந்தக் காட்சிக்கு அப்போது தேவை என்றால் மட்டும் வரட்டும். இருவருக்கும் தெரிந்த விஷயத்தை ‘உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அன்று அந்தக் குகையில்...’ என்று இரண்டு பேர் பேசிக்கொள்ளும் வசனம் இருந்தால் வெட்டிவிடுங்கள்.

உலகம் விரிகிறது என்று சொல்லி முதல் ஐம்பது பக்கத்தில் ஐந்து நாடு, ஒன்பது குலம், ஒரு பேரவை என்று இறக்குவதும் உண்டு. அத்தியாயத்துக்கு இரண்டு புதுப்பெயர் என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களை இருவருக்கு வைக்காதீர்கள். ஆதிரன், ஆதவன், ஆரியன் மூவரும் ஒரே போர்க்களத்தில் நின்றால் யார் செத்தார் என்று வாசகர் பின்பக்கம் திருப்ப வேண்டும்.

குறிப்பேடு இல்லாமல் எழுதுவது

கண்ணின் நிறம், குதிரையின் பெயர், தழும்பு எந்தக் கையில் என்பதையெல்லாம் பலர் குறித்து வைப்பார்கள். அதைவிட முக்கியமாக, விட்டுப்போகிற மூன்று உண்டு. யாருக்கு எது எந்த அத்தியாயத்தில் தெரியவந்தது என்பது ஒன்று. சொல்லப்படாத ரகசியத்தைத் தெரிந்தவர்போல் பேசும் தோழி எல்லாத் தொடரிலும் ஒருத்தி இருக்கிறாள். ஊருக்கு ஊர் பயண நேரம் இரண்டாவது. முதல் பாகத்தில் தலைநகரத்திலிருந்து கணவாய்க்குக் குதிரையில் ஆறு நாள் என்றால், நாயகி ஆபத்தில் இருக்கிறாள் என்பதற்காக ஒரே இரவில் நாயகன் வந்து நிற்க முடியாது.

மூன்றாவது தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரியது: யார் யாரை எப்படி விளிக்கிறார்கள் என்பது. முதல் பாகத்தில் ‘இளவரசே, நீங்கள்’ என்று தொடங்கிய யாழினி எந்த அத்தியாயத்தில் ‘ஆதிரா, நீ’ என்று மாறினாள்? சபையில் எப்படி, தனிமையில் எப்படி, கோபத்தில் எப்படி? அந்த மாற்றமே ஒரு காதல் காட்சியாக இருந்திருக்கும். இரண்டாம் பாகத்தில் காரணமில்லாமல் ‘நீங்கள்’ திரும்பி வந்தால் வாசகர் இருவருக்கும் சண்டை என்று நினைப்பார். வேண்டுமென்றே கொண்டுவந்தால் அதைவிடக் கூர்மையான ஆயுதம் கிடையாது. அரண்மனைத் தமிழில் பேசிய நாயகி பாதிப் புத்தகத்தில் ‘லூசாடா நீ’ என்று திட்டுவதும் குறிப்பேடு இல்லாததன் விளைவுதான். ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் முதல் பாகத்திலிருந்து ஐந்து வசனங்களை எடுத்து ஒரு தாளில் ஒட்டிவைத்து, எழுதுமுன் படித்தால் குரல் பிசகாது.

நெருக்கக் காட்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொன்றும் முடியும்போது இருவருக்கிடையே ஏதாவது மாறியிருக்க வேண்டும்: ஓர் உண்மை வெளிவரலாம், ஒரு சந்தேகம் முளைக்கலாம், ஒரு முடிவு பிறக்கலாம். காட்சியை எடுத்துவிட்டாலும் அடுத்த அத்தியாயம் அப்படியே புரிகிறது என்றால் அது கணக்குக்காகச் சேர்த்தது.

அவசரம்

ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ 2023 மே 2-இல் வந்தது, அதன் தொடர்ச்சியான ‘அயர்ன் ஃப்ளேம்’ அதே ஆண்டு நவம்பர் 7-இல். ஆறு மாத இடைவெளி. இதைப் பார்த்து நாமும் ஆறு மாதத்தில் தந்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள், மூன்றாம் நூலான ‘ஆனிக்ஸ் ஸ்டார்ம்’ 2025 ஜனவரி 21-இல்தான், அதாவது பதினாலு மாதத்துக்கு மேல் கழித்துத்தான் வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கணக்கு போடுவோம். 80,000 சொல், பக்கத்துக்கு 200 சொல் என்றால் 400 பக்கம். தினம் 1,000 சொல் எழுதினால் 80 நாள். பிரதியைத் தொடாமல் ஆறப்போட மூன்று வாரம். திருத்தி எழுத 45 நாள். நாலைந்து பேரிடம் படிக்கக் கொடுத்துக் கருத்து வாங்க மூன்று வாரம், மெய்ப்புக்கு இரண்டு வாரம். கூட்டினால் 181 நாள், ஒரு நாள்கூடக் காய்ச்சல் வராமல், வீட்டில் ஒரு விசேஷமும் இல்லாமல். எட்டு ஒன்பது மாதம் என்று அறிவிப்பதே நேர்மை. அவசரத்தில் முதலில் வெட்டப்படுவது ஆறப்போடும் மூன்று வாரம்தான். பத்து நிமிடச் சோதனையில் தோற்ற பிரிவு கண்ணில் படுவது அந்த மூன்று வாரத்துக்குப் பிறகுதான்.

பிரதிலிபி போன்ற தளங்களில் வாரத்துக்கு இரண்டு, மூன்று எபிசோடாகப் போடுகிறவர்களுக்குச் சிக்கல் வேறு விதம். எட்டாவது எபிசோடில் வாசகர்கள் வில்லனை ரசிக்கத் தொடங்கினால், பன்னிரண்டாவதில் அவன் நல்லவனாகிவிடுகிறான். திட்டமிட்ட முடிவு கைவிட்டுப் போகிறது. கையில் குறைந்தது பதினைந்து எபிசோடு எழுதி வைத்துக்கொண்டு வெளியிடத் தொடங்குங்கள். இன்று வரும் கருத்து, ஐந்து முதல் ஏழு வாரம் கழித்து வரப்போகும் எபிசோடைத்தான் தொட முடியும். அதற்குள் அந்த ஆசை உங்களுக்கே அடங்கியிருக்கும், அல்லது உண்மையிலேயே நல்ல யோசனை என்று உறுதியாகியிருக்கும்.

முடிக்காமல் நிறுத்துவது

மூன்றாம் பாகம் இருக்கிறதே என்று இரண்டாம் பாகத்தை நடுவில் அறுத்துவிடுவது கடைசித் தவறு. ‘தொடரும்’ போடுவதில் தப்பில்லை. ஆனால் இந்தப் பாகத்தின் முதல் மூன்று அத்தியாயங்களில் எழுப்பிய காதல் கேள்விக்கு இந்தப் பாகத்திலேயே பதில் வர வேண்டும். நம் கதையில் அந்தக் கேள்வி, தானே விரும்பிச் சிறுத்தையாகும் ஆதிரனை யாழினி ஏற்பாளா என்பது. ஏற்கிறாளோ மறுக்கிறாளோ, அதை முடித்துவிட்டு அதன் பிறகு கணவாய்க்கு அப்பால் ஒரு புதுக் கொடியைக் காட்டலாம். பதிலுக்கும் அந்தக் கொடிக்கும் இடையில் குறைந்தது ஓர் அத்தியாயமாவது இருவரையும் சேர்த்து உட்காரவைத்து எழுதுங்கள். பதில் வந்த அதே பக்கத்தில் கத்தியைப் பாய்ச்சினால், பதில் வாசகர் மனசில் பதிவதில்லை.